அசல் எஞ்சினும் பாடபேதமும்

எங்கள் நண்பர் குழுவில் ஒருவருக்கு அவருடைய தகப்பனார் விட்டுச்சென்றவற்றுள் 1966-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்றும் உண்டு. மார்க் 2 வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறிக்கொண்டு சென்னைக்கு வெளியே எங்காவது போய், தேநீர் குடித்தபடி புத்தகங்களைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். வண்டி அவருடையது, அபிப்பிராயங்கள் எல்லோருடையவை. அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று வண்டி நடுவழியில் நீராவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பட்டறையில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தது.

முப்பது ஆண்டுகளாக அந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், ஹெட்டு போயிடுச்சு. இதுக்கு மேல இதோட மல்லுக்கட்ட வேணாம். பேசாம எஞ்சினைத் தூக்கிட்டு இசுசு எறக்கிடுவோம். அஞ்சு கியர். ஏசிகூடப் போட்டுக்கலாம்.”

எங்களுக்குள் மூன்று கட்சிகள் உருவாயின. மெக்கானிக் சொல்வதே சரி என்றது ஒன்று. எதையும் தொடவேண்டாம், அசல் கெட்டுவிடும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே கொட்டகையில் நிற்கட்டும் என்றது இன்னொன்று. பிற்கால அம்பாசிடர் ஒன்றின் ஹெட்டைத் தேடிப்பிடித்து இதே எஞ்சினில் பொருத்திவிடலாம் என்றது மூன்றாவது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வாதத்திலேயே கழிந்தன. கடைசியில் மூன்றாவது கட்சியே வென்றது. அது வென்றது சரிதான் என்பதையும், அந்த நியாயத்தை நமது சட்டமும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த எஞ்சினின் குலம் கோத்திரம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரையே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடராக வார்த்தது. தொடக்கத்தில் பழைய பக்கவால்வு எஞ்சினோடு வந்த வண்டிக்கு விரைவிலேயே 1489 சிசி கொள்ளளவுள்ள மேல்வால்வு எஞ்சின் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசை எஞ்சின் அது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், மூன்றே மூன்று மெயின் பேரிங்குகள், 73 மில்லிமீட்டர் போர், 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 372 சிசி. வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, பொறுமைக்காகச் செய்யப்பட்டது.

இந்த எஞ்சின் தனி ஆள் இல்லை, ஒரு பெரிய குடும்பம். 1955-இல் வந்த எம்ஜி ஏ என்ற விளையாட்டுக் காரின் மூக்குக்குள் இருந்ததும் இதே 1489 சிசிதான். அதுவே 1622 ஆக வளர்ந்தது. 1962-இல் எம்ஜி பி காருக்காக 1798 ஆகப் பெருத்தது. பின்னர் மூன்று பேரிங்குகள் ஐந்தாயின. இங்கிலாந்தில் பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வைத்திருப்பவர்கள் எம்ஜி பி-யின் எஞ்சினையோ அதன் உறுப்புகளையோ எடுத்துத் தங்கள் வண்டியில் பொருத்திக்கொள்வது வெகுகாலமாக நடந்துவரும் காரியம். பெரியண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது போலத்தான். கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தாலும் அளவெடுத்த தையற்காரர் ஒருவரே.

இந்தியாவில் அந்தக் குடும்பத்தின் கிளை வேறுவிதமாகப் போயிற்று. இங்கே 1489 சிசி எஞ்சின் பல பத்தாண்டுகளுக்குப் பெரிய மாற்றம் இல்லாமலே வார்க்கப்பட்டது. மார்க் 2 போய் 1975-இல் மார்க் 3 வந்தது, 1979-இல் மார்க் 4, 1990-இல் நோவா. முகப்புக் கிரில் மாறியது, விளக்குகள் மாறின. உள்ளே துடித்தது அதே இதயம். 1990-களின் தொடக்கத்தில்தான் ஜப்பானின் இசுசு நிறுவனத்துடைய வடிவமைப்பில் 1817 சிசி எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. அலுமினிய ஹெட், தலைமேல் கேம் ஷாஃப்ட், சுமார் 75 குதிரைத்திறன். அது வேறு வம்சம்.

ஆக, மெக்கானிக் முன்வைத்ததும் எங்களில் ஒரு சாரார் முன்வைத்ததும் மேலுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அடிப்படையில் வேறானவை. இரண்டிலும் பழைய வண்டிக்குள் பிற்கால மாடலின் உறுப்பு போகிறது. ஒன்றில் அதே குடும்பத்து உறுப்பு, போல்ட்டைக் கழற்றினால் திரும்பி வந்துவிடும். இன்னொன்றில் வண்டியின் உடம்பே புதிய எஞ்சினுக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். மவுண்ட்டுகளை வெட்டி ஒட்டவேண்டும். ஸ்டியரிங் தண்டிலிருக்கும் கியர் தடி தரைக்கு இறங்கவேண்டும், அதற்குத் தரைத்தகட்டில் ஓட்டை போடவேண்டும். ஐம்பதுக்குச் சற்று மேலான குதிரைத்திறனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட டிரம் பிரேக்குகள் எழுபத்தைந்தை அடக்கியாகவேண்டும். அடக்காவிட்டால் அவற்றையும் மாற்றவேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று, அதைத் தொட்டால் மற்றொன்று என்று போய், கடைசியில் வெளித்தோற்றம் மட்டும் 1966 ஆகவும் மற்றதெல்லாம் 1993 ஆகவும் நிற்கும்.

இனி, தொடவே கூடாது என்ற நண்பரின் வாதத்துக்கு வருவோம். அவருக்குத் துணையாக ஒரு சட்ட விதியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளை வெளியிட்டது. பிரிட்டிஷ் வழக்கில் ‘விண்டேஜ்’ என்ற சொல் முதல் உலகப்போர் முடிந்த பிறகு 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளை மட்டும் குறிக்கும். நமது விதிப்படி முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் எல்லாமே விண்டேஜ். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். இவற்றிலெல்லாம் எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. வண்டி அதன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய பழுதுபார்ப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனைதான் இடறுகிறது.

நோக்கம் நல்லது. மலிவு விலைக்கு ஒரு பழைய கூட்டை வாங்கி உள்ளே எதையோ திணித்து விண்டேஜ் என்று பெயர் சூட்டுவதைத் தடுக்கவேண்டும்தான். ஆனால் எஞ்சினில் மாற்றம் என்றால் எது? விரிசல் விட்ட ஹெட்டுக்குப் பதில் அதே அளவிலான பிற்கால ஹெட்டைப் பொருத்துவதும், எஞ்சினையே தூக்கிவிட்டு வேறு நாட்டு எஞ்சினை இறக்குவதும் ஒன்றா? விதியின் வாசகம் இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கவில்லை. கோடு இல்லாத இடத்தில் எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரியின் மனநிலையே கோடாகிவிடும்.

இதைவிட அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. 1966-ஆம் ஆண்டு எஞ்சினை 1966-இல் இருந்தபடியே வைத்து ஓட்டுவது இன்று இயலாத காரியம். ஏனென்றால் அது குடித்து வளர்ந்த பெட்ரோல் இன்று இல்லை. அந்தக் கால பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரியும்போது அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது வந்தமரும் வார்ப்பிரும்பு இருக்கைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு உரசித் தேயாமல் காத்தது. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு என்பது உறுதியானபின் உலகம் அதை விலக்கத் தொடங்கியது. 2000 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். அது மிக நல்ல முடிவு. ஆனால் அன்றிலிருந்து பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் காப்பு இழந்தன. வால்வு சிறிது சிறிதாகத் தன் இருக்கைக்குள்ளேயே அமிழ்ந்துபோகும். தீர்வு, கடினப்படுத்திய உலோக வளையத்தை அங்கே பதிப்பது. அது பிற்காலத் தொழில்நுட்பம். 1966-இன் அசல் அல்ல.

அடுத்து எத்தனால். 2025-இல் நாடெங்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தை அரிக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கில் துருவை வளர்க்கும். அசல் ரப்பரை அப்படியே வைத்திருப்பேன் என்பவர் சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் கசியும் வண்டியை வைத்திருக்கிறார் என்று பொருள். அசலின் மீதான பக்தி தீயணைப்பு நிலையத்தில் போய் முடியக்கூடாது.

எனவே மாற்றமா, மாற்றமின்மையா என்பது கேள்வியே அல்ல. எந்த மாற்றம், எப்படி, யாருக்குத் தெரியும்படி என்பதுதான் கேள்வி. இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. ஏட்டுச்சுவடியிலிருந்து நூலைப் பதிப்பித்தவர்கள் தினமும் சந்தித்தது இதைத்தான். செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் இல்லை. காலத்தால் பிந்திய வேறொரு சுவடியில் அந்த இடம் முழுமையாக இருக்கிறது. நல்ல பதிப்பாசிரியர் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டதை அடிக்குறிப்பில் சொல்லவும் செய்வார். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை நாம் நம்புவதற்குக் காரணம் அவர் எதையும் தொடவில்லை என்பதல்ல. பிரதிபேதங்களைக் கீழே எழுதிவைத்துவிட்டு, வேண்டுமானால் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று நமக்கும் ஓர் இடம் கொடுத்தார் என்பதுதான். இல்லாத பாட்டைத் தாமே எழுதிச் சேர்த்துவிட்டு மௌனமாக இருப்பவர் இடைச்செருகல்காரர். செல்லரித்த ஏட்டைத் தொடமாட்டேன் என்று பெட்டியிலேயே பூட்டிவைப்பவரிடம் மிஞ்சப்போவது தூள்.

பழைய வண்டிகளின் உலகமும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஃபிவா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், பழைய கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது. காலத்துக்குப் பொருந்தாத மாற்றம் தவிர்க்க முடியாததானால் அது துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது, திரும்பப் பெறத்தக்கதாக இருக்கவேண்டும், கழற்றிய அசல் உறுப்புகளை வண்டியோடு பாதுகாக்கவேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டனின் சட்டம் இன்னும் தெளிவு. அங்கே நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் விலக்கு இல்லை. எது பெரிய மாற்றம் என்பதற்கான வழிகாட்டுதலில், அதே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவு கொண்ட வடிவம் பெரிய மாற்றமாகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஆக்ஸ்ஃபோர்டில் எம்ஜி பி-யின் 1798 சிசி எஞ்சின் ஏறினாலும் அது குடும்பத்துக்குள் நடந்த காரியம். அந்த ஒற்றை வரியின் விவேகம் நமது விதியிலும் இருந்திருந்தால் எத்தனையோ பழைய வண்டிகள் பேரீச்சம்பழத்துக்குப் போகாமல் தப்பும்.

எங்கள் அளவுகோலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று கேள்விகள் போதும். செய்ததை ஸ்பேனரால் திரும்ப எடுக்கமுடியுமா, அல்லது அறுப்பதும் வெல்டிங்கும் நடந்துவிட்டதா? கழற்றிய உறுப்பு எங்கே? செய்ததை எழுதிவைத்திருக்கிறீர்களா? டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது இந்தச் சோதனையில் தேறும். டைனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரமே தராது. இன்றைய சென்னையின் சிக்னல்களில் இரவில் நின்றால் முன்விளக்கு அகல்விளக்காகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பிளாட்டின முனைகளுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும் தேறும். தரையை வெட்டி இறக்கிய இசுசு தேறாது.

இசுசு கட்சியினரின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த எஞ்சினை அம்பாசிடருக்குள் முதலில் வைத்தது உத்தர்பாரா தொழிற்சாலையேதான். தொண்ணூறுகளில் பழைய வண்டிக்கு இசுசு இறக்கிய டாக்ஸிக்காரர் தம் பிழைப்பைப் பார்த்தார். பழமைக்குத் துரோகம் செய்யவில்லை. அப்படி மாறிப்போன வண்டிக்கும் இன்று ஒரு வரலாறு இருக்கிறது. அதை மீண்டும் அசலாக்குகிறேன் என்று அந்த வரலாற்றை அழிப்பதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். நாங்கள் மறுப்பது ஒன்றைத்தான்: இன்று, வேறு வழி இருக்கும்போது, ஓடக்கூடிய ஒரு ‘பி’ வரிசை எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டு, வெளித்தோற்றத்தைக் காட்டி அறுபதுகளின் வண்டி என்று சொல்லிக்கொள்வதை.

ஏனென்றால் எடைக்குப் போவது இரும்பு மட்டும் அல்ல. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ வாங்கிக்கொண்டது. இனி அந்த எஞ்சினுக்கு உறுப்பு தரக்கூடியது அதன் பிற்கால உடன்பிறப்புகளே. கிராங்க் ஷாஃப்டைக் கையால் தடவியே தேய்மானம் சொல்பவர், ஓட்டத்தின் ஒலியைக் கேட்டே வால்வு இடைவெளியைத் திருத்துபவர் என்று ஒரு தலைமுறை பட்டறைகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. அவர்களுக்கு வேலை இருக்கும்வரைதான் அந்த வித்தையும் இருக்கும். கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் அசல் அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் தராது. முழுதாக எஞ்சினை மாற்றிக்கொண்ட வண்டியும் அவர்களைத் தேடி வராது.

எங்கள் வண்டியின் கதையை முடித்துவிடுகிறோம். புதுப்பேட்டையில் நான்கு நாள் அலைந்து, மார்க் 4 ஒன்றின் ஹெட்டைக் கண்டுபிடித்தோம். பழைய கேஸ்கெட்டை அதன்மேல் வைத்து நீர்வழித் துளைகள் ஒவ்வொன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்தோம். லேத் பட்டறையில் நீரழுத்தம் கொடுத்து விரிசல் இல்லையென்று உறுதி செய்தார்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கடின வளையங்கள் பதித்தார்கள். எரியறைகளின் கொள்ளளவைப் பழைய ஹெட்டோடு ஒப்பிட, வேதியியல் ஆசிரியரான நண்பர் ஒருவர் ப்யூரெட்டோடு வந்து மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தார். அவர் பட்டறையில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து அளவு படித்த காட்சி எங்கள் குழுவின் வரலாற்றில் நிற்கும். இசுசு இறக்கலாம் என்ற மெக்கானிக்தான் கடைசி போல்ட்டை முறுக்கினார். எஞ்சின் உயிர்பெற்றபோது கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “பழைய சத்தம்தான் சார்” என்றார்.

வண்டியின் முன்பெட்டியில் இப்போது ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. எந்தத் தேதியில் எது கழற்றப்பட்டது, எதற்குப் பதில் எது வந்தது, அது எந்த மாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவருகிறோம். விரிசல் விட்ட பழைய ஹெட்டுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, நண்பர் வீட்டுப் பரணுக்கு அடியில் வைத்திருக்கிறோம். வார்ப்பிரும்பில் வெல்டிங் செய்யத் தெரிந்த கைகாரர் ஒருவர் அகப்பட்டால் அது என்றாவது திரும்பி வரலாம்.

தொடவே கூடாது என்ற நண்பர் இன்னமும் அதை வேற்றுப்பாடம் என்றுதான் அழைக்கிறார். ஆனாலும் ஞாயிறு காலைகளில் முன்சீட்டில் முதலில் ஏறி உட்காருபவர் அவரே.